பொருக்குக்குக் கீழே

சித்திரை வெயிலில் ஏரி வற்றிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவில் ஒரு குட்டை மட்டும் நிற்கும். ஏரியில் இருந்த மீன் அத்தனையும் அந்தக் குட்டையில் அடைந்து கிடக்கும். சுற்றிலும் வெடித்த மண். மேல்மண் காய்ந்து ஓடு ஓடாகப் பிளந்திருக்கும். அதைப் பொருக்கு என்போம். கரையோரத்தில் பொருக்கு கல் மாதிரி இருக்கும், எருமை நடந்தாலும் உடையாது. குட்டையை நெருங்க நெருங்க அதன் கனம் இரண்டு விரற்கடைதான். அடியில் களி.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒடுகத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் விட்ட கோடை விடுமுறை. கையில் ஒரு கொசுவலைத் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் கவர். குட்டைக்கு இருபதடி இருக்கும்போது வலது கால் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. இடது காலை ஊன்றி வலது காலை எடுக்கப் பார்த்தேன். இடது காலும் போனது. ஒரு காலை இழுக்க இழுக்க மற்றொன்று இறங்கியது. தொடை, இடுப்பு, பிறகு வயிறு. மேலே வெயில் கொளுத்துகிறது, காலடியில் களி கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினார். "நிக்காத நைனா! படு! மல்லாக்கப் படு!" நான் அழுதுகொண்டே மல்லாந்தேன். கையை அகல விரிக்கச் சொன்னார். பிறகு பனைமட்டைகள் நாலைந்தைப் பொருக்கின்மேல் வரிசையாகப் போட்டு, அவரும் குப்புறப் படுத்து, மட்டைமேல் நகர்ந்து வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை என் பக்கம் வீசினார். "காலை இழுக்காத. ஆட்டு. கொஞ்சம் கொஞ்சமா ஆட்டு, தண்ணி உள்ள எறங்கட்டும்." கால்மணி நேரம் ஆகியிருக்கும். இடுப்புக் கவரும் கொசுவலையும் களிக்குள்ளேயே நின்றுவிட்டன.

பல வருடம் கழித்து, பனி உறைந்த ஏரிகளில் மீன்பிடிப்பதைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. கனடா, பின்லாந்து, அமெரிக்காவின் மினசோட்டா பக்கமெல்லாம் குளிர்காலத்தில் ஏரி மேல்தளம் உறைந்துவிடும். அதன்மேல் நடந்து போய், துளையிட்டு, துளைக்குள் தூண்டில் இறக்கி உட்கார்ந்திருப்பார்கள். பனி உடைந்து உள்ளே விழுந்தவனுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடத்தைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் குரல் கேட்டது. நிற்காதே, உடலைப் படுக்கப் போடு, எடையைப் பரப்பு, வந்த வழியிலேயே உருண்டு திரும்பு. காப்பாற்றப் போகிறவனும் நடந்து போகக் கூடாது. படுத்து, பலகையையோ ஏணியையோ முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஐஸ் என்றால் அந்தத் தாத்தாவுக்குக் குச்சி ஐஸும், சந்தையில் மீன்மேல் கொட்டும் ஐஸும்தான்.

அந்த நாடுகளில் இந்த ஆபத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். தெளிந்த புதுப் பனி நாலு அங்குலமாவது இருந்தால்தான் கால் வைக்கலாம். தண்ணீரில் விழுந்தால் மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க ஏறக்குறைய பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கைப் பிரபலப்படுத்தியிருக்கிறார். இரண்டு கூர்முனைக் கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். விழுந்தால் அதைப் பனியில் குத்திக் குத்தி மேலே ஏறலாம். இத்தனை இருந்தும் 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியின் ஓஹையோ கரையில் ஒரு பெரிய பனித்தட்டு கரையை விட்டுப் பிரிந்தது. மேலே இருந்த 130-க்கும் அதிகமான மீன்பிடிக்காரர்களை ஹெலிகாப்டரும் படகும் வைத்து மீட்டார்கள். ஒருவர் இறந்தார். 2022 டிசம்பரில் அரிசோனாவில் உறைந்த ஏரிமேல் நடந்த இந்திய வம்சாவளியினர் மூவர் பனி உடைந்து மாண்டார்கள். பனியைப் பார்த்து வளராத கால்களுக்கு அது தரை போலத்தான் தெரியும்.

நம் ஏரிக்கு அப்படி அளவு சொல்லும் பலகை கிடையாது. கயிறும் கிடையாது. மீன்பிடிக்கப் போய் அடிபட்டான் என்றால் அதை ஒரு விபத்தாகக் கூட யாரும் எண்ணுவதில்லை. "ஏரிக்குப் போனான், விதி" என்று முடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த விதி என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் பழைய வழக்கு.

கோடி போகும் நாள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். மலையில் பெய்யும் மழை உத்திரகாவேரியாக இறங்கி, வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு போய்ப் பாலாற்றில் சேரும். வருடத்தில் பெரும்பகுதி உத்திரகாவேரி மணலும் முள்ளுமாகக் கிடக்கிற ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் கருத்தால், அடிவாரத்தில் ஒரு துளி விழாதபோதும் ஆற்றில் செந்தண்ணீர் வந்து நிற்கும். மேல் அரசம்பட்டில் அணை கட்ட வேண்டும் என்று விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆறு இதுதான்.

ஏரி நிரம்பி வழிந்தால் "ஏரி கோடி போகுது" என்போம். அந்தச் சேதி வந்தால் ஊரே கிளம்பிவிடும். வழியும் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும், துள்ளும், கல்லில் மோதிக் கீழே விழும். கொசுவலை, பழைய புடவை, சாக்கு, கூடை என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஆட்கள் கோடிக்கல்லில் இறங்குவார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருவெள்ளமாகப் போனதே, அந்த மழையில் வேலூர் மாவட்டத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போயின. பல வருடம் வறண்டு கிடந்த ஏரியில் தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனால் அன்றைக்குக் கோடிக்கல்லில் நின்றவர்களில் பாதிப்பேர் அதன்மேல் நின்று பழகாத இளவட்டங்கள். கல்லில் பாசி. முழங்கால் அளவுதானே என்று இறங்கினால், ஓடும் தண்ணீர் காலை வாரிவிடும். கோடிக்கு நேர் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த மடு இருக்கும். அதற்குள் விழுந்தவனை மேலேயிருந்து விழும் தண்ணீர் அமுக்கிக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவனும் அதில் திணறிப் போவான்.

வீச்சுவலை வீசுகிறவர்களுக்கு வேறொரு கண்ணி. வலைக்கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுருக்கிட்டுக்கொள்வது வழக்கம். கை வழுக்கினாலும் வலை போய்விடக் கூடாது என்று. வேகமான தண்ணீரில் வலை ஒரு கட்டையிலோ முள்ளிலோ மாட்டினால் அந்தச் சுருக்கு ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் சுருக்குப் போடாமல், கயிற்றை விரல்களுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். விரலை விரித்தால் கயிறு போய்விடும். இந்தச் சின்ன வித்தையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வேட்டியையும் லுங்கியையும் அவிழ்த்துவைத்துவிட்டு இறங்குவதும் அதே மாதிரிதான். ஈரத்துணி காலைச் சுற்றினால் விலங்கு போட்ட மாதிரி.

கரைமேல் உடைத்துப் போட்ட பாட்டில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடி இன்றைக்குப் பல ஊர்களில் குடியோடு சேர்ந்துவிட்டது. குடித்தவன் தண்ணீரில் இறங்குவது ஒரு ஆபத்து. அவன் உடைத்த கண்ணாடி அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் உள்ளங்காலைக் கிழிப்பது இன்னொன்று. ஏரிச்சேற்றில் கிழிந்த காலைத் துணியைக் கட்டிவிட்டுவிட முடியாது. நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் புண் வழியாக எலிக்காய்ச்சலும் ஏறும்.

ஏரியின் அடி

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏரியை நடந்து அறிந்தவர்கள். கரையிலிருந்து எத்தனை அடி வைத்தால் முழங்கால், எத்தனை வைத்தால் இடுப்பு, மதகுப் பக்கம் எங்கே பள்ளம், நடுவில் எங்கே மேடு என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். ஏரியின் அடி அப்படித்தான் இருந்தது. தாம்பாளம் போல, கரையிலிருந்து நடுவுக்கு மெதுவாகச் சரியும். ஒரு பிள்ளை உள்ளே போனால் தண்ணீர் மார்புக்கு வரும், கழுத்துக்கு வரும், பயந்து திரும்பிவிடும். ஏரியே எச்சரிக்கை செய்தது.

இன்றைக்கு அந்தத் தாம்பாளத்தில் ஓட்டைகள். வண்டல் மண்ணும் களிமண்ணும் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் அள்ளிக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. அது நல்ல ஏற்பாடு. தூர்ந்த ஏரி ஆழப்படும், வயலுக்கு உரம் சேரும், என் மாமா நிலத்துக்கும் ஏரிவண்டல்தான் போட்டார்கள். அனுமதியில் இடமும் அளவும் குறித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இரவோடு இரவாக ஜே.சி.பி. வைத்து அள்ளுகிறவர்களுக்கு அந்த அளவு இல்லை. செங்கல் சூளைக்கும், வீட்டுமனை மேடாக்கவும் மண் வேண்டும். எங்கே நல்ல மண் கிடைக்கிறதோ அங்கேயே தோண்டிக்கொண்டு கீழே போகிறார்கள். இயந்திரத்தின் பல் வெட்டிய பள்ளத்துக்குச் சரிவு கிடையாது. சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும், ஓர் ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம். கோடையில் போய்ப் பார்த்தால் ஏரிக்குள்ளே கிணறு கிணறாகத் தெரியும். மழை பெய்து ஏரி நிரம்பினால் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது.

ஒருவன் முழங்கால் தண்ணீரில் தூண்டில் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் வைக்கிறான். அடுத்த கணம் தலைக்கு மேல் தண்ணீர். மேலே வந்து பள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கிறான். அது நனைந்த களி, கையில் சோப்பு மாதிரி வழுக்குகிறது. மறுபடி பிடிக்கிறான், ஒரு கட்டி உடைந்து கையோடு வருகிறது. காலை ஊன்ற அடியில் சரிவு இல்லை. நீரில் மூழ்குகிறவன் சினிமாவில் போலக் கத்தமாட்டான். வாய் தண்ணீருக்கு மேலே வருவதே மூச்சு இழுக்க மட்டும்தான், கூப்பிட நேரம் இருக்காது. பத்தடி தள்ளி நிற்கிறவன் திரும்பிப் பார்க்கும்போது தண்ணீர்மேல் தூண்டில் தக்கை மட்டும் மிதக்கும். காப்பாற்ற இறங்குகிறவனும் அதே விளிம்பில்தான் கால் வைக்கிறான். அண்ணன் தம்பியாக, சிநேகிதர்களாக இரண்டு மூன்று பேர் ஒன்றாக மூழ்கிய செய்திகள் ஏன் இத்தனை வருகின்றன என்பதற்குக் காரணம் இதுவும்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் நீரில் மூழ்கி இந்தியாவில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அதில் மீன்பிடிக்கப் போனவர் எத்தனை பேர், ஏரிக்குள் தோண்டிய பள்ளத்தில் போனவர் எத்தனை பேர் என்று எந்த ஊர்க்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். அவரவர் ஊர்க் கணக்கை விரல்விட்டுச் சொல்வார்கள்.

உறைந்த ஏரிக்காரனின் நிலைமை இதைவிட மேல் என்று கூட எனக்குச் சில சமயம் தோன்றும். அவன் காலடியில் இருக்கும் பனியை இயற்கை இளக்குகிறது. துளை போட்டு அளந்து பார்க்க அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் ஏரியின் அடியை மனிதன் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டு, வெட்டிய இடத்தில் ஒரு கொம்பு கூட நடாமல் போகிறான். தாத்தாவின் கால் அறிந்த ஏரி பேரனின் காலுக்குக் கிடைக்கவில்லை. ஏரியை நன்றாகத் தெரியும் என்று நம்பி இறங்குகிறவன்தான் இதில் முதலில் போகிறான். இதை விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முள்ளும் மூச்சும்

மீனே கொடுக்கும் காயங்களும் உண்டு. அவற்றில் பல, தெரிந்திருந்தால் ஒன்றுமில்லாமல் போகக்கூடியவை.

தேளி என்றொரு மீன். கருஞ்செம்மை நிறம், மீசை, வழுவழுப்பான உடம்பு. சேற்றில் கையைவிட்டுத் துழாவிப் பிடிப்பவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போதே கையை உதறுவார்கள். செவுளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள், அதில் நஞ்சு. குத்தினால் கை தோள்வரை கடுக்கும், தேள் கொட்டியதைப் போல. பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள். கெளுத்தியின் முள்ளும் சளைத்ததல்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு இரவு முழுக்கத் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் வைத்தியம் வெந்நீர். இந்த நஞ்சு புரதம், சூட்டில் கெட்டுப்போகும். 45 டிகிரி அளவு, அதாவது கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், குத்துப்பட்ட கையை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி இறங்கும். சூட்டை நல்ல கையால் பார்க்க வேண்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

தூண்டில் முள் விரலில் ஏறினால் வந்த வழியே பிடுங்கக் கூடாது. நுனியில் எதிர்முள் இருக்கிறது, சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ பட்டிருந்தால் தொடவே கூடாது.

இப்போது சொல்லப் போவதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். 2025 ஏப்ரலில், மதுராந்தகம் பக்கம் கீழவலம் ஏரியில், 29 வயது இளைஞர் ஒருவர் கையால் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த மீனை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த மீனுக்குக் கையை விட்டார். கவ்விய மீன் துள்ளித் தொண்டைக்குள் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பனங்கொட்டை மீன் என்றும் பனையேறிக் கெண்டை என்றும் சொல்கிறோமே, அந்த மீன். சின்ன மீன், கைக்குள் அடங்கிவிடும். செவுள் மூடியில் ரம்பம் மாதிரி முட்கள், செதிலிலும் முட்கள், எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன்னே போகும், பின்னே இழுத்தால் விரிந்து மாட்டிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். தொண்டைக்குள் போனபிறகும் துடிக்கும்.

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படிக் கவ்வியிருக்கிறோம். நானும். இரண்டு கையும் அடுத்த மீனுக்கு வேண்டும். கூடை கரையில் இருக்கும். இடுப்பில் ஒரு வாய் கட்டிய பை, இவ்வளவுதான் வேண்டியிருந்தது. தொண்டையில் மீன் மாட்டியவருக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் வாலைப் பிடித்து இழுக்காமல், உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சே நின்றுவிட்டதென்றால் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்டுவதும், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலே அழுத்துவதும்தான் கையில் இருக்கும் வழி.

வெடியும் கரண்டும்

சில காயங்களைக் காயம் என்று எழுதவே கை கூசுகிறது. கல்குவாரிகளிலிருந்து கைமாறி வரும் வெடியைத் தண்ணீரில் எறிந்து மீன்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திரி எரியும் நேரத்தைத் தப்பாகக் கணித்தால் கை மணிக்கட்டோடு போய்விடும். 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கத்து அலகரையில், ஆறு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் கிடந்ததைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்தான். மீன்பிடிக்க வாங்கிவந்ததில் மிச்சம் இருந்த வெடி அது. பையன் பிழைக்கவில்லை. ஆற்றில் வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகத் தடை இருக்கிறது, வெடியும் இருக்கிறது.

எங்கள் பக்கம் வெடியைவிடக் கரண்ட் எளிது. வயலுக்கு வயல் மோட்டார் ஷெட். ஷெட்டிலிருந்து ஒயரை இழுத்து மூங்கில் கழியில் கட்டி, கிணற்றிலோ கால்வாயிலோ விட்டால் மீன் மிதக்கும். மிதக்கும் மீனை எடுக்க ஒருவன் தண்ணீரில் கால் வைக்கிறான். இன்னொருவன் ஸ்விட்சை அணைத்துவிட்டதாக நினைக்கிறான். அடிவாரத்தில் பன்றிக்குப் போடும் திருட்டு மின்வேலிகளும் உண்டு. விடியற்காலையில் ஏரிக்குக் குறுக்குவழியில் போகிறவன் அதில் மிதிக்கிறான். கரண்டில் ஒட்டியவனைத் தொடாமல் முதலில் மெயினை இறக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெற்ற தகப்பனுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வருவதில்லை.

கரையேற்றிய பிறகு

தண்ணீரிலிருந்து தூக்கிய உடலை என்ன செய்கிறோம்? நான் சின்ன வயதில் பார்த்தது இது. பலசாலி ஒருவர் பையனைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுற்றினார். வயிற்றை அமுக்கினார்கள், வாயிலிருந்து தண்ணீர் வந்தது, கூட்டம் "வருது, வருது" என்றது. அவன் எழுந்திருக்கவில்லை. அந்தச் சுற்றலில் போன நாலைந்து நிமிடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. வந்தது வயிற்றுத் தண்ணீர். அதை வெளியே எடுப்பதால் உயிர் வராது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய், இருக்கிற வாய்ப்பும் கெடும். அவனுக்கு வேண்டியிருந்தது காற்று. மல்லாக்கக் கிடத்தி, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் இரண்டு அங்குலம் இறங்கும்படி முப்பது அழுத்தம், நிமிடத்துக்கு நூற்றுக்குக் குறையாத வேகத்தில், பிறகு இரண்டு ஊதல், மறுபடி முப்பது. 108 வரும்வரை விடக் கூடாது. நூறு நாள் வேலைக்கு ஏரியில் கூடுகிறார்களே நம் பெண்கள், ஒரு நாள் மதியம் அரைமணி நேரம் போதும், அத்தனை பேருக்கும் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

108 வருமா என்பது மலையடிவாரத்தில் தனிக் கேள்வி. 2023 மே மாதம், அல்லேரி மலையில் ஒரு குக்கிராமத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தாள். அது மீன்பிடியில் நேர்ந்ததல்ல. ஆனால் கரையோரப் புதரில் கண்ணாடிவிரியனை மிதிப்பவனும், வளையில் மீன் என்று கையைவிட்டு நாகத்திடம் கடி வாங்குபவனும் போக வேண்டிய பாதை அதேதான். கையை விட்டு மீன்பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் இந்த ஆபத்தோடுதான் தினமும் வாழ்கிறார்கள். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் அடுக்கம்பாறை. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. இனி அந்தக் கணக்காவது எழுதப்படும்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். குளித்துவிட்டுக் கிளம்பத் தயாரான மூன்று பெண்கள், ஒரு நொடி யோசிக்காமல் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. நான் அந்தச் செய்தியை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்கு நாலு முழக் கயிறு அந்தக் கரையில் இல்லாமல் போனது. பெண்கள் தங்கள் மானத்தை எடுத்துக் கயிறாக்க வேண்டியிருந்தது.

மீன் ஏலம் விடும்போது ஏரிக்கு விலை பேசுகிறோம், கட்லாவும் ரோகுவும் எத்தனை குஞ்சு விட்டார்கள் என்று கேட்கிறோம். ஏலம் எடுப்பவர் கரையில் ஒரு முப்பது மீட்டர் கயிறும் காற்றடைத்த லாரி டியூப் இரண்டும் ஓர் ஏணியும் வைத்தால்தான் வலை இறக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? மண் அள்ளியவர் பள்ளத்தின் கரையைச் சரித்துவிட்டுத்தான் இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும் என்று வருவாய்த் துறை நின்று பார்த்து வாங்கினால் என்ன? இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம்.

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா மகன் என்னை ஏரிக்குக் கூட்டிப்போனான். புதிதாக வெட்டிய பள்ளங்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவன் ஒரு மூங்கில் நட்டு, நுனியில் கிழிந்த சிவப்புத் துணி கட்டியிருந்தான். அவனுடைய இரண்டு பையன்களும் இந்த ஏரியில்தான் தூண்டில் போடுகிறார்கள். ஒரு மூங்கிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏரி ரொம்பினா இது முழுகிடும்ணா" என்றான். இருவரும் கத்தியை எடுத்துக்கொண்டு, இன்னும் நீளமான கழியாகத் தேடி ஆற்றங்கரை மூங்கில் புதருக்கு நடந்தோம்.